பெயர் அடங்காத சாலை

கோரல் நங்கலாவின் மகனுடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவன் இறந்துவிட்டான். மத்திய ஆஸ்திரேலியாவின் பழங்குடிகளான எங்களிடையே இறந்தவர் பெயரை வாயால் சொல்வதில்லை. அதே பெயருள்ள இன்னொருவர் உயிரோடு இருந்தாலும் அவரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. குமன்ஜாயி என்ற பொதுச் சொல்லால்தான் கூப்பிடுகிறோம். கோரல் என்னைத் தங்கை முறையில் வைத்திருந்தாள். அந்த முறைப்படி அவன் எனக்கும் மகன். ஆகவே இதில் அவனும் குமன்ஜாயிதான்.

நாங்கள் இருவரும் ஒரு வரைபடக் கம்பெனியில் வேலை பார்த்தோம். தலைமையகம் மெல்பர்னில். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் கிளை என்பது ஒரு டயர் கடைக்குப் பின்னால் இரண்டு அறைகளும், கூரையில் கேமரா மாட்டிய ஒரு டொயோட்டாவும். நான் உள்ளே உட்கார்ந்து வானத்திலிருந்து எடுத்த படங்களையும் வண்டி கொண்டுவந்த படங்களையும் ஒப்பிட்டுக் கோடு திருத்துவேன். கோரல் வண்டியில் முன்இருக்கையில் போவாள். எது சாலை, எது மாடு போன தடம், எந்தக் கதவு பூட்டியிருக்கும், மழை பெய்தால் எந்த ஆற்றுப்படுகையில் வண்டி இறங்கக் கூடாது என்று சொல்வது அவள் வேலை. எல்லாம் தெரிந்தவள் என்று அவளைச் சொல்ல மாட்டேன். தெரியாததைத் தெரியாது என்பாள். சில நாள் அலுப்பில் தெரிந்ததையும் தெரியாது என்பாள். கம்பெனி கொடுத்த தொப்பியின் மேல் அவளுக்கு அளவுக்கு மீறிய பிரியம். சனி ஞாயிறிலும் கழற்றுவதில்லை.

அவள் கணவர் ஜுங்கராயிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. அவருடைய அப்பாவின் நிலம் டனமி ரோடு என்ற பாலைவன நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அங்கே மூன்று வீடுகள், ஒரு ஆழ்துளைக் கிணறு, ஒரு தண்ணீர்த் தொட்டி. டயாலிசிஸ் நாற்காலிகள் இருந்ததோ பெரிய குடியிருப்பில். மகன்தான் அப்பாவை அழைத்துப் போய்க் கூட்டி வந்தான். பாலைவனத்து மண்சாலை தகரக் கூரைபோல நெளிநெளியாகிவிடும். வண்டி அதிர அதிர, ஊசி ஏற்றிய கையில் அவருக்கு வலி உயிர்போகும். அதனால் குமன்ஜாயி ஒரு பழைய டிராக்டர் டயரைத் தன் வண்டியின் பின்னால் சங்கிலியில் கட்டி அந்தச் சாலையில் இழுத்துக்கொண்டே போவான், வருவான். நெளிவு கொஞ்சம் மழுங்கும். காற்று அடித்தால் மறுபடி வரும். மறுபடி இழுப்பான்.

கம்பெனிக்கு அந்த நாட்களில் ஒரு கவலை வந்திருந்தது. வண்டிக்குள் வழி சொல்லும் குரலுக்குப் பெயர் வேண்டும். பெயரில்லாத சாலையில் திரும்பு, பிறகு பெயரில்லாத சாலையில் திரும்பு என்று குரல் சொல்வதை வாங்குகிறவர்கள் விரும்பவில்லை. பெயரில்லாத சாலைகள் குறை என்று எண்ணப்பட்டன. மத்திய ஆஸ்திரேலியாவின் குறை எங்கள் கிளையின் தலையில் விழுந்தது. கிளையின் மேலாளர் ஹாமிஷ் மெல்பர்ன்காரர், கெட்டவரல்லர். ஒருநாள் அவரே வண்டியை ஓட்டி வந்தார். கோரல் முன்னால், நான் பின்னால். ஜுங்கராயியின் நிலத்துக்குப் பிரியும் இடத்தில் நிறுத்தி, இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்.

கோரல் உதட்டைக் குவித்து அந்தப் பக்கம் காட்டினாள். "இருக்கு. ஆனா அதை நான் சொல்லக் கூடாது."

அந்த இடத்தின் உண்மையான பெயர் ஜுங்கராயியின் அப்பா வழிக்கு உரியது. அவர்கள் சொல்லலாம், அல்லது சொல்ல அனுமதிக்கலாம். மருமகளாக வந்தவள் தன் விருப்பத்துக்கு எடுத்துக் கொடுக்க முடியாது. ஒரு பெயரை அறிந்திருப்பது வேறு, அதைச் சொல்லும் உரிமை வேறு. கம்பெனிக்கு இந்த வேறுபாடு கடைசிவரை விளங்கவில்லை. அறிந்தது எல்லாம் எடுக்கக் கிடைப்பது என்பதே அந்தத் தொழிலின் அடிப்படை.

"சரி, கடையில நின்னு பேசறப்ப இதை என்னன்னு சொல்வீங்க?" என்றார் ஹாமிஷ்.

"அவன் ரோடுன்னு சொல்வோம்."

"எவன் ரோடு?"

கோரல் மகன் பெயரைச் சொன்னாள். ஹாமிஷ் அதைக் கருவியில் தட்டிக்கொண்டார். நாங்கள் அடுத்த பிரிவுக்குப் போனோம்.

அவள் செய்த தவறு அதுதான். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் அது தவறாகவே தோன்றாது. மூதாதையரின் பெயரைக் காப்பாற்றுவதற்காக, காப்பாற்றத் தேவையில்லை என்று அவள் நினைத்த பெயரைக் கொடுத்தாள். உயிரோடிருப்பவன் பெயரை யாரும் எங்கும் சொல்லலாம். அவனுக்கு இருபத்துநாலு வயது.

வரைபடம் போன்களுக்கு வந்ததும் குமன்ஜாயி அதை ஒரு விளையாட்டாக்கிக்கொண்டான். அத்தை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேண்டுமென்றே டனமி ரோட்டில் முன்னும் பின்னும் போவான். குரல், எண்ணூறு மீட்டரில் வலப்புறம் திரும்பி அவன் பெயருள்ள சாலையில் செல்லவும் என்று சொல்லும்.

"ஏம்மா, என் ரோட்டுக்கு எனக்கே வழி சொல்றியா? டயர் இழுத்தது நீயா நானா?" என்று போனைக் கேட்பான்.

"சுங்கச் சாவடி போடு ஜபல்ஜாரி," என்பார்கள் பின்னாலிருந்து, அவனுடைய குலப்பிரிவுப் பெயரைச் சொல்லி. "உங்கப்பனுக்கு மட்டும் பாதி விலை."

கோரல் அந்த வண்டியில் ஒருமுறை இருந்தாள். சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அந்த வருடங்களில் கம்பெனியின் தொழில் மாறிக்கொண்டிருந்தது. முதலில் கண்ணால் பார்த்ததை எழுதினோம். பிறகு மனிதர்களின் போன்கள் எழுதத் தொடங்கின. சட்டைப்பையில் கிடக்கும் போன் தான் போன இடமெல்லாம் புள்ளி புள்ளியாகச் சேர்த்து வைக்கும். சிக்னல் இல்லாத வெளியில் சேர்த்ததைக் குடியிருப்புக் கடைவாசலுக்கு வந்ததும் கொட்டிவிடும். புள்ளிகள் வரிசையாக ஓடினால் அங்கே சாலை. வேகம் குறைந்தால் குழி. ஓரிடத்தில் குவிந்து நின்றால் வீடு அல்லது கடை. கம்பெனி இதைக் கார் செய்பவர்களுக்கு விற்றது, பார்சல் வண்டிகளுக்கு விற்றது, மண்ணுக்கடியில் தாது தேடுகிறவர்களுக்கு விற்றது. வாங்கியவர்கள் தங்கள் வரைபடத்தில் கலந்தார்கள். அதை வேறு யாரோ எடுத்துத் தங்களுடையதில் கலந்தார்கள். குழம்பில் கரைந்த உப்பை எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று யார் சொல்ல முடியும்?

குமன்ஜாயி ஒரு விளையாட்டு வாரத்தின்போது கால்பந்து மைதானத்தில் விழுந்து இறந்தான். சின்ன வயதுக் காய்ச்சலில் கெட்டுப்போன இதயம். எங்கள் பிள்ளைகள் பலருக்கு இருக்கிறது. ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அவன் சில மாதம் போகவில்லை.

அன்று மாலைக்குள் குடியிருப்பு அவன் பெயரை அடக்கிவிட்டது. கடையில் இருந்த அணிப் படத்தை இறக்கினார்கள். தேவாலயத்தில் கிடார் வாசிப்பவனுக்கும் அதே பெயர். அவனும் குமன்ஜாயி ஆனான். வெள்ளைக்காரப் போலீஸ் சார்ஜென்ட் ஒருமுறை வாய் தவறிச் சொல்லி, உடனே திருத்திக்கொண்டார். கோரல் பேச்சை நிறுத்தினாள். மகனை இழந்த தாய் துக்கம் முடியும்வரை வாய் திறப்பதில்லை. கையால்தான் பேசுவாள். எங்கள் பெண்களுக்கு அது முழு மொழி. கையாலேயே சண்டை போடலாம், கேலி செய்யலாம். கோரல் எதுவும் செய்யவில்லை. தண்ணீர் கேட்பாள், அவ்வளவுதான்.

அப்பா வழி நிலத்தில் அடக்கம் செய்ய உடலை ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வண்டியில் கொண்டுவந்தார்கள். ஓட்டுநர் வெளியூர்க்காரர். பின்இருக்கையில் ஜுங்கராயி, கோரல், ஜுங்கராயியின் தங்கை மொரீன் நுங்கராயி. பெட்டி அவர்களுக்குப் பின்னால். நான் பின்தொடர்ந்த வண்டியில் இருந்தேன். டனமி ரோட்டில் பிரிவு வருவதற்கு முன்னால் முன்வண்டி திடீரென்று நின்றது. மொரீன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். ஓட்டுநர் ஒன்றும் புரியாமல் நின்றார். குரல் சொல்லவேண்டியதைச் சொல்லியிருந்தது. எண்ணூறு மீட்டரில் வலப்புறம்.

அழுகை ஓய்ந்தபிறகு மொரீன் எழுந்து வந்தாள். செத்தவனுக்கு அவள் சொந்த அத்தை. துக்கத்தில் யார் யாரைக் குற்றம் சொல்லலாம் என்பதற்கு முறை உண்டு. அவளுக்கு அந்த உரிமை இருந்தது.

"மதினி, அவன் பேரை அந்த மெஷினுக்கு யாரு குடுத்தா?"

கோரல் சுட்டுவிரலைத் தன் நெஞ்சில் வைத்தாள்.

அடக்கத்துக்குப் பிறகு யாரும் அந்த இடத்தில் தங்கவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுக் குடியிருப்புக்கு வந்தார்கள். வழக்கம்தான். காலம் போய், பெயர் அடங்கி, இலை எரித்து வீட்டுக்குப் புகை போட்டுத் தூய்மை செய்தபிறகு திரும்பிப் போகலாம். ஜுங்கராயி அண்ணன் மகள் வீட்டுத் தாழ்வாரத்தில் மெத்தை போட்டுப் படுத்தார். அவரிடம் காலம் அதிகம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். தன் அப்பா நிலத்தில் இருந்து சாகவேண்டும் என்பதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்கவில்லை. மொரீன் முடிவாகச் சொல்லிவிட்டாள்: பேரு தூங்கினாத்தான் புகை போடுவேன். ரோட்டுல அது முழிச்சிக்கிட்டு நிக்கிறப்ப எப்படிப் போறது?

நான் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தச் சாலையின் பெயரைக் குமன்ஜாயி ரோடு என்று மாற்றினேன். என் திருத்தம் வேறொரு நாட்டிலுள்ள சரிபார்க்கும் கூடத்துக்குப் போனது. அங்கிருந்து, முதலில் பெயர் கொடுத்தவரைப் போனில் கேட்டார்கள். கோரல் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். இந்தப் பெயரை நீங்கள்தானே கொடுத்தீர்கள் என்று ஒரு பெண்குரல் பணிவாகக் கேட்டது. பெயரையும் சொல்லித்தான் கேட்டது. கோரலால் பேச முடியாது. மூச்சு மட்டும் போயிருக்கும். கொடுத்தவர் மறுக்கவில்லை, மேலும் ஐந்து மூலங்கள் பழைய பெயரை உறுதி செய்கின்றன என்று குறித்து, என் திருத்தத்தை நீக்கினார்கள்.

பல மாதம் கழித்து உறவுக்காரர்கள் சடங்கு செய்து கோரலின் வாயைத் திறந்துவிட்டார்கள். அவள் அடுத்த வண்டியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வந்தாள். தொப்பி இல்லை. ஹாமிஷ் துக்கம் கேட்டார். அவள் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அஞ்சு பேரு சாட்சி சொல்றாங்கன்னு தங்கச்சி சொன்னா. யாரு அந்த அஞ்சு பேரு?"

ஹாமிஷ் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒன்று கார் கம்பெனியின் வரைபடம். ஒன்று பார்சல்காரர்களுடையது. ஒன்று சுரங்கக்காரர்களுடையது. ஒன்று யாரும் எழுதக்கூடிய இலவச வரைபடம். ஒன்று அவசர உதவி வண்டிகளுடையது.

"இவங்கள்ல யாராவது அங்க வந்திருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப இவங்களுக்கு யாரு சொன்னது?"

"நாமதான்," என்றார் ஹாமிஷ்.

"நமக்கு?"

"நீங்க."

"அப்ப அஞ்சு பேரும் என் வாயால கேட்டவங்க. இப்ப அந்த வாயே வேணாங்குது. நான் ஒரு ஆளு, அவங்க அஞ்சு பேரு. அப்படித்தானே?"

ஒரே குரலின் எதிரொலிகளைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணுவது புதிய தவறு அல்ல. மனிதர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவதுதான். மனிதர்கள் செய்யும்போது யாராவது ஒருவருக்காவது கூச்சம் வந்து நிறுத்துவார். இங்கே கூச்சப்பட ஆள் இல்லை.

ஹாமிஷ் தன்னால் முடிந்ததைச் செய்திருந்தார். அவர் செய்தவற்றில் எனக்குத் தாங்க முடியாதது அதுதான். "மெல்பர்ன்ல பேசினேன், கோரல். அவன் பேரை நிரந்தரமாவே வச்சிடலாம்னு சொல்றாங்க. ஒரு பலகை நட்டு, படமும் போட்டு. அவனுக்கு மரியாதையா இருக்கும்."

கோரல் என் பக்கம் திரும்பினாள். "தங்கச்சி, இவருக்கு அம்மா இருக்காங்களா?"

இருக்கிறார்கள் என்று ஹாமிஷே சொன்னார்.

"அப்ப அவங்ககிட்ட போயி, செத்த புள்ளை பேரை ரோட்டுல நின்னு யாராவது கத்திக்கிட்டே இருந்தா எப்படி இருக்கும்னு கேட்டுப் பாருங்க."

பக்கத்தில் டயர் கழற்றும் சத்தம். கோரல்தான் மறுபடி பேசினாள், வேறு குரலில், வேலை விஷயம் கேட்பதுபோல.

"ஒரு ரோடு செத்துப்போச்சுன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"யாரும் போகலன்னா தெரியும். புள்ளி வராது. கொஞ்ச நாள்ல மங்கிடும். அப்புறம் பேரோட எடுத்துடும்."

"அதுக்கு யாரும் சாட்சி சொல்ல வேணாமா?"

"வேணாம்."

அவள் மொரீனிடம் போய் இதைச் சொன்னாள். மொரீனின் மகன்கள் மண்ணைச் சமன்செய்யும் ஒரு கிரேடர் வண்டியை இரவல் வாங்கினார்கள். பழைய பிரிவுக்கு மேற்கே ஒரு வேலிக்கதவு உண்டு. அங்கிருந்து முள்புல் மேடுகளைச் சுற்றிக்கொண்டு வீடுகளுக்கு ஒரு புதுத் தடம் போட்டார்கள். பழைய சாலையின் வாயில் இரும்புக் கட்டில் சட்டங்களும் காலிப் பீப்பாய்களும் போட்டு அடைத்தாள் கோரல். எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்: மாடு தேடக்கூட அந்தப் பக்கம் போன் எடுத்துப் போகக் கூடாது.

அதன்பின் அவள் அலுவலகம் வரும்போதெல்லாம் என் பின்னால் நின்று, காட்டு என்பாள். நான் காட்டுவேன். கோடு முதலில் வெளிறியது. பிறகு விட்டுவிட்டு வந்தது. ஒருநாள் பெயர் இல்லை, கோடும் இல்லை. கோரல் திரையில் விரல் வைத்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு மற்ற வரைபடங்களையும் காட்டச் சொன்னாள். அவற்றிலும் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தது. நம்மைப் பார்த்து எழுதியவர்கள் நம்மைப் பார்த்து அழிக்கிறார்கள் என்றேன். இதுக்காவது உதவுதே என்றாள்.

மொரீன் வந்து வீட்டுக்குப் புகை போட்டாள். இலைகளை எரித்து அறை அறையாகக் கொண்டுபோனாள். சுவர்களை அலம்பினார்கள். மதினி, அண்ணனைக் கூட்டிக்கிட்டு வா என்று கோரலிடம் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகக் கோரல் அத்தனை மாதம் காத்திருந்தாள்.

இப்போது அழைத்துப்போக மகன் இல்லை. நோயாளிகளை ஏற்றும் வேன்தான். அதன் ஓட்டுநர்கள் ஏஜென்சி மூலம் வந்து சில வாரத்தில் போய்விடுகிறவர்கள். வழி தெரியாது, போனைப் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். அன்று வந்தவர் டேரில் என்று ஒரு குவீன்ஸ்லாந்துக்காரர். டயாலிசிஸ் முடிந்து ஜுங்கராயியை ஏற்றினோம். நான் மெத்தையும் போர்வைகளும் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். அவர் களைத்திருக்கிறார், சத்தத்தைக் குறைக்கட்டுமா என்று டேரில் கேட்டார்.

"வேணாம், இருக்கட்டும். அவரு கேக்கணும்," என்றாள் கோரல். கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெருசு, இப்ப பாரு. அது ஒண்ணும் சொல்லாது."

அடைத்துவைத்த பழைய பிரிவு வந்தது. குரல் எதுவும் சொல்லவில்லை. ஜுங்கராயி அந்தக் கட்டில் சட்டங்களைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். வேலிக்கதவு தூரத்தில் தெரிந்தது. எண்ணூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும் என்றது குரல். பிறகு அவர்கள் மகனின் பெயரைச் சொல்லி, அந்தச் சாலையில் செல்லவும் என்றது.

ஹாமிஷ் எனக்குப் பிறகு விளக்கினார். பழைய தடத்துக்கும் புதுத் தடத்துக்கும் இரண்டு முனைகளும் ஏறக்குறைய அதே இடங்கள். ஒரு கோடு செத்த காலத்திலேயே பக்கத்தில் இன்னொன்று உயிர் பெற்றிருக்கிறது. மெஷின் இதைச் சாலை இடம் மாறியதாகப் புரிந்துகொள்ளும். நெடுஞ்சாலைகளை நிமிர்த்திப் போடும்போது ஊரார் வழி தவறக் கூடாது என்பதற்காகப் பழைய பெயரைப் புதுக் கோட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிடும். அந்த நிரலை எழுதியவர்களுக்கு அதில் பெருமை உண்டாம். அன்று காலை புறப்படுமுன் டேரிலின் போன் அந்தப் புது வரைபடத்தை இறக்கி வைத்திருந்தது. மொரீனின் மகன்கள் தடம் போடும்போது அவர்கள் பையில் இருந்த போன்கள் அதை எழுதிக் கொடுத்திருந்தன.

டேரில் வேகத்தைக் குறைத்தார். ஜுங்கராயி முன்கண்ணாடி வழியே வேலிக்கதவைப் பார்த்தார். பிறகு வண்டியை வந்த வழியே திருப்பச் சொன்னார். உடம்பு சரியில்லையா என்று டேரில் கேட்டார். ஜுங்கராயி திருப்புங்கள் என்று மட்டும் மறுபடி சொன்னார். டேரில் திருப்பினார்.

போனுக்கு அது வழிதவறல். முடிந்த இடத்தில் திரும்பி இன்ன சாலைக்குச் செல்லவும் என்றது, பெயரோடு. வண்டி குடியிருப்பை நோக்கி ஓடியது. அது மறுபடி திரும்பச் சொன்னது, மறுபடி பெயரைச் சொன்னது.

"அதை நிறுத்துங்க," என்றாள் கோரல்.

"எதைம்மா? வழியையா?"

"அந்தப் பேரை."

"எந்தப் பேரை?"

அவள் வாய் திறந்து, மூடிக்கொண்டது. முன்னால் எட்டி, போனைத் தாங்கியிலிருந்து பிடுங்கி மடியில் கவிழ்த்தாள். ஜுங்கராயியின் துண்டை எடுத்து அதன்மேல் போட்டு இரண்டு கையாலும் அழுத்தினாள். துண்டுக்குள்ளிருந்து அது அவனைக் கூப்பிட்டது. டேரில் கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி, எந்தப் பேரும்மா, சொன்னாத்தானே தெரியும் என்றார்.

"ஓட்டுங்க," என்றார் ஜுங்கராயி.